லஷீனில் ஒரு கண்ணாடி ஜன்னல்

மொன்றியல் என்றால் எங்கள் வீட்டில் பெரியம்மா வீடு, கலியாண வீடு, திரும்பி வரும்போது கிங்ஸ்டன் பக்கம் ஒரு கோப்பி. 401 நெடுஞ்சாலையை சின்ன வயதிலிருந்து காரின் பின் சீட்டில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். போன ஒக்டோபரில் முதல்முறையாக அதை ஒரு லொறியின் உயரத்திலிருந்து பார்த்தேன்.

ஓட்டியவர் என் சின்ன மாமா. நான் வேலை செய்யும் நிறுவனம் களஞ்சியங்களுக்கு மென்பொருள் செய்கிறது. எந்த லொறி எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று நேரம் ஒதுக்குகிற பகுதி என்னுடையது. ஐந்து வருசமாக அதை எழுதுகிறேன், ஆனால் சாமான் இறக்கும் கதவொன்றை நேரில் பார்த்ததில்லை. இதை மாமாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "அப்ப ஒருநாள் வா பிள்ளை, உன்ரை கதவைக் காட்டுறன்."

நினைத்தவுடன் ஏறிப் போகமுடியாது. மாமா தன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி எடுத்து, காப்புறுதியையும் சரிபார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். நான் மூடிய சப்பாத்தும், பளிச்சென்று தெரியும் பாதுகாப்பு அங்கியும் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

விடிய 4 மணிக்கு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டோம். பின்னால் 53 அடிப் பெட்டி, 22 பலகை அடுக்குச் சாமான். 401 வின்சரிலிருந்து கியூபெக் எல்லை வரை 828 கிலோமீற்றர். எங்களுக்கு அதன் கிழக்குப் பாதி. ஒன்ராறியோவில் இப்படியான லொறிகள் 105 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதபடி வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அதனால் கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. பெல்வில் தாண்டும்போது வானம் வெளுத்தது. கிங்ஸ்டனுக்கு அப்பால் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. காரில் போகும்போது தடுப்புச் சுவர் மறைக்கிற வயல்களும் வைக்கோல் உருண்டைகளும் லொறியிலிருந்து வடிவாகத் தெரிகின்றன.

மாமாவின் கண் ரோட்டிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் பொருத்திய சின்னத் திரையிலும் மாறி மாறிப் போனது. மாகாணம் தாண்டி ஓடும் லொறிகளில் மின்னணுப் பதிவுக் கருவி 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாகப் பார்க்கப்படுகிறது. முன்பு கொப்பியில் எழுதின கணக்கு இப்போது தானாக ஓடுகிறது. ஒரு நாளில் 13 மணித்தியாலம்தான் ஓட்டலாம். வேலை தொடங்கி 16 மணித்தியாலம் முடிந்தால், நடுவில் ஓய்வெடுத்திருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் சரி. மாமாவின் வண்டியில் படுக்கை இல்லை. காலை 4 மணிக்குத் தொடங்கியவர் இரவு 8 மணிக்கு நிறுத்தியே ஆகவேண்டும்.

திரும்ப வீட்டுக்கு 6 மணித்தியாலம். ஆகவே பின்னேரம் 2 மணிக்கு முன் களஞ்சியத்திலிருந்து வெளிக்கிட வேண்டும். அடுத்த நாள் காலமை மாமாவின் பேரப்பிள்ளைக்கு 31. அவருக்கு அது முதல் பேரப்பிள்ளை. மாமி ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் போன் எடுத்துக்கொண்டிருந்தா.

எல்லை தாண்டியதும் 401 என்ற பெயர் போய் 20 ஆம் இலக்கச் சாலை ஆகிறது. பெயர்ப் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன. லஷீன் பகுதியில் அந்தக் களஞ்சியத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 10:10. எங்கள் நேரம் 10:30.

இறங்குவதற்கு முன் மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். காதிலிருந்த கருவியை எடுத்து வைத்தார். சரக்குப் பத்திரத்தை மேலே வைத்து, நேர ஒதுக்கீட்டு இலக்கத்தைப் பேனையால் பெரிதாக எழுதினார். "ஜன்னலுக்குப் போய் நிண்டு பொக்கற்றைத் தடவக்கூடாது பிள்ளை. அவவுக்குப் பின்னாலை பத்துப் பேர் நிப்பினம்."

உள்ளே ஒரு சின்ன அறை, நான்கு கதிரை. ஓட்டுநர்களுக்குக் கழிவறை இல்லை என்று ஒரு அறிவிப்பு. ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். "பொன்ஜூர், மதாம்" என்றார் மாமா. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்துச் சொல்லுக்குள்தான் வரும். கியூபெக்கில் அந்த முதல் வணக்கத்தைச் சொல்லாமல் விஷயத்துக்குப் போனால் அது மரியாதைக் குறைவு என்று வந்த புதிதிலேயே படித்துக்கொண்டாராம். அந்தப் பெண் இலக்கத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னா: இருங்கள், கூப்பிடுகிறேன்.

11 மணி ஆனது, கூப்பிடவில்லை. 11:30க்கு எங்களுக்கு முன் வந்த ஓட்டுநர் ஒருவர் ஜன்னலில் தட்டினார். தனக்கு 10 மணி என்று ஒதுக்கிவிட்டு இன்னும் கதவு தரவில்லை என்று கத்தினார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் "நீ ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிறாய்" என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஜன்னலை இழுத்துச் சாத்தினா.

மாமா அந்த மனிதருக்குப் பக்கத்தில் போய் இருந்து, குடுவையிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். முதல் நாளும் வேறொரு இடத்தில் இறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மனிதர் நாலு நாளாக வீட்டுக்குப் போகவில்லை.

12:30க்கு மாமா எழும்பி ஜன்னலுக்குப் போனார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் கேட்டது இதுதான்: "நான் 2 மணிக்கு வெளிக்கிடாவிட்டால் இன்றைக்கு வீட்டுக்குப் போகமுடியாது. என்னை முன்னுக்கு விடச் சொல்லிக் கேட்கவில்லை. உண்மையான நேரம் தெரிந்தால் போதும்." அந்தப் பெண் திரையைப் பார்த்தா, பிறகு எழும்பி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தா. இன்றைக்கு போர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களில் இரண்டு பேர் வரவில்லை, உங்கள் முறை 2 மணிக்கு முன் வராது என்றா. மாமா நன்றி சொன்னார். அதே குரலில், தான் வந்த நேரத்தைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரும்படி கேட்டார். ஒப்பந்தத்தில் உள்ளதற்கு மேல் காத்திருந்தால் அதற்குக் காசு கேட்க அந்தக் கையெழுத்து வேண்டும். அவ எழுதித் தந்தா.

கத்தின மனிதருக்கு எங்களுக்கு முன்பே கதவு கிடைத்தது. அவர் முதலில் வந்தவர், அது நியாயம். எங்களுக்கு 2:05க்குக் கிடைத்தது. வெளியே வர 3:15 ஆகிவிட்டது.

இறக்கும்போது மாமா வண்டியின் திறப்பை ஜன்னலில் கொடுத்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு. அது பச்சையாகும் வரை லொறி அசையக்கூடாது. உள்ளே போர்க்லிஃப்ட் பெட்டிக்குள் போய் வந்துகொண்டிருக்கும், அவசரத்தில் ஓட்டுநர் ஒரு அடி முன்னுக்கு எடுத்தாலும் அது இடைவெளிக்குள் விழுந்துவிடும். உள்ளே நிற்பவரின் உயிர் வெளியே இருப்பவரின் பொறுமையில் இருக்கிறது என்பதை என் மென்பொருளின் எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் எனக்குத்தான் கோவம். "மரியாதையா இருந்து என்ன மாமா லாபம்? ஒரு நிமிசம் கூட முந்தேல்லையே!"

மாமா கொஞ்சத் தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு ஓமந்தையைப் பற்றிச் சொன்னார். சமாதான காலத்தில், 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு லொறி ஓட்டினவர் அவர். 2006 ஓகஸ்டில் பாதை மூடும் வரைக்கும். சோதனைச் சாவடியில் சாமானை இறக்கி, சோதித்து, திரும்ப ஏற்ற வேண்டும்.

"அங்கையும் நான் மரியாதையாத்தான் நிண்டனான் பிள்ளை. ஆனா அது பயம். எத்தினை மணிக்கு விடுவியள் எண்டு கேக்கேலாது. இஞ்சை வந்த புதுசிலை அதே பழக்கத்திலை எல்லாத்துக்கும் சொறி சொறி எண்டு நிண்டன். பிறகு ஒருநாள் அது மற்றப் பக்கம் திரும்பி, ஒரு இடத்திலை கத்திப்போட்டன். இனி இந்த யாட்டுக்கை வராதை எண்டு சொல்லிப்போட்டினம். இப்ப நேரத்தைக் கேப்பன், கையெழுத்தைக் கேப்பன். ஆனா அந்தப் பிள்ளையை நோகடிக்க மாட்டன். நேரம் குடுத்தது அவ இல்லையே."

நேரம் கொடுத்தது என்னைப் போன்ற யாரோ எழுதின ஒரு மென்பொருள். அரை மணிக்கு இத்தனை லொறி என்று அது பிரித்துக் கொடுக்கும், இன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்காது. எங்களுடையதும் கேட்பதில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் இதை எழுப்பினேன். இன்னும் முடிவாகவில்லை, விடுவதாக இல்லை.

அன்றிரவு 8 மணிக்குச் சற்று முன் பெல்வில்லில் நிறுத்தி மோட்டலில் இரண்டு அறை எடுத்தோம். மாமி போனில் கொஞ்சம் அழுதா. மாமா மறுநாள் விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு, யாட்டில் வண்டியை விட்டு, 8 மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளித்து, பேத்தியை மடியில் வாங்கினார்.

நான் வளர்ந்த வீட்டில் கவுண்டர்களுக்கு முன்னால் அப்பாவின் குரல் எப்போதும் இறங்கிவிடும். எனக்கு அது வெட்கமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, எனக்குக் குரல் கொஞ்சம் கெதியாக ஏறும். என் மகன் இரண்டையும் பார்த்து வளர்கிறான். போன கிழமை ஒரு கடையில் பொருள் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றபோது கவுண்டரில் இருந்த பிள்ளை முடியாது என்றது. நான் மூச்சு விட்டு, முதலில் வணக்கம் சொல்லி, பிறகு யாரிடம் கேட்கலாம் என்று மட்டும் கேட்டேன். மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பொருளைத் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் யாரிடம் கேட்பது என்று எழுதித் தந்தார்கள்.