இழுத்து வரும் காரும் நீலப் பொட்டுகளும்

பர் ஓக் ஏரிக்கரை, ஒஹாயோ
செப்டம்பர் கடைசி வாரம்

அன்பு நண்பா,

நலம். உன் தங்கச்சியும் நலம். முட்டிவலி அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் பாதி எங்கள் வண்டியைப் பற்றித்தான். ‘கால் நூற்றாண்டு ஓடிய வண்டியை வைத்துக்கொண்டு இந்த வயதில் காட்டுக்குள் என்ன வேலை, விற்றுத் தொலை’ என்கிறாய். நாமக்கல்லில் பட்டறை போட்டு, எமன் வாசல்வரை போன லாரிகளையெல்லாம் திருப்பிக்கொண்டு வந்தவன் பேசுகிற பேச்சா இது? சரி, முதலில் வண்டியைச் சொல்கிறேன்.

மோட்டார்ஹோம் என்பது லாரி சேஸிஸ் மேல் கட்டிய ஒரு ரூம் வீடு. அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே. எங்களுடையதுக்கு ஒரு காலன் பெட்ரோலில் எட்டு மைல் வந்தால் பெரிய விஷயம். பின்னால் ஒரு பழைய ஜப்பான் காரைக் கோத்து இழுத்து வருகிறோம். டிரெய்லரில் ஏற்றி அல்ல, அதன் நான்கு சக்கரமும் ரோட்டில் உருளும். எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்கு ஆயில் போகும். அதைத் தெரியாமல் இழுத்தால் கியர்பாக்ஸ் வெந்துபோகும். எங்களுடையது கையால் கியர் போடுவது, நியூட்ரலில் விட்டால் பேசாமல் பின்னால் வரும். ஒரே ஒரு சங்கடம், கார் கோத்திருக்கும்போது ரிவர்ஸ் எடுக்க முடியாது. முன்சக்கரம் ஒடித்துக்கொண்டு குறுக்கே நிற்கும். அதனால் சந்து மாதிரி ரோடு தெரிந்தாலே இறங்கி, பின்னைப் பிடுங்கிக் காரைக் கழற்றிவிட வேண்டும்.

காரும் எதற்கு என்று கேட்பாய். நாங்கள் பராமரிக்கிற காட்டு நடைபாதை ஒரு கோடு, நண்பா. ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனையில் போய்த்தான் நிற்பாய். திரும்பி வர அங்கே ஒரு வண்டி வேண்டும். மோட்டார்ஹோமை ஏரிக்கரை முகாமில் போட்டுவிட்டு, காரைக் கொண்டுபோய்ப் பாதை முடியும் இடத்தில் விடுவோம். பாதைச் சங்கத்து ஆள் யாராவது எங்களைத் தொடக்கத்தில் இறக்கிவிடுவார். ஜல்லி ரோட்டில் போய், பள்ளத்தில் இறங்கி ஏறுவது காருக்குத்தான் முடியும். மோட்டார்ஹோம் பெரியவர் முகாமிலேயே படுத்திருப்பார்.

நாங்கள் வேலை பார்க்கிற பாதைக்குப் பெயர் பக்கை டிரெயில். ஒஹாயோ மாநிலம் முழுவதையும் சுற்றி வருகிறது, ஏறத்தாழ 1,400 மைல். நார்த் கன்ட்ரி டிரெயில் என்று ஒரு பெரிய தேசியப் பாதை இருக்கிறது. 1980-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அறிவித்தது. வடக்கு டகோட்டாவிலிருந்து வெர்மான்ட் வரை எட்டு மாநிலம், 4,800 மைல் அளவுக்கு நீள்கிறது. இந்தப் பகுதியில் இரண்டும் ஒரே தடத்தில்தான் போகின்றன. ஆனால் அரசு வரைபடத்தில் கோடு போட்டதால் மட்டும் பாதை வந்துவிடாது. புல்லை வெட்டுவது, விழுந்த மரத்தை அறுப்பது, மண் கரைந்த இடத்தில் படி போடுவது எல்லாம் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள்தான், அதிலும் என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள்.

மரத்தில் பொட்டு வைப்பது என் பங்கு. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், நீலப் பெயிண்ட். பட்டையின் சொரசொரப்பை மட்டும் சுரண்டியால் மெதுவாக எடுத்துவிட்டு, கண் மட்டத்தில் ஓரம் பிசகாமல் அடிக்க வேண்டும். திருப்பம் வந்தால் இரண்டு பொட்டு, மேலே இருப்பது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பு என்று பொருள். புதிதாக வருகிறவர்கள் ஆர்வத்தில் மரத்துக்கு மரம் அடித்துவிடுவார்கள். காடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். ஒரு பொட்டருகே நின்றால் அடுத்தது தெரிய வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இந்தப் பக்கத்துப் பாதைகளின் குலதெய்வம் எம்மா கேட்வுட் என்ற பாட்டி. விவசாயக் குடும்பம், பதினொரு பிள்ளை பெற்றவர், புருஷனிடம் பல ஆண்டுகள் அடி வாங்கியவர். 1955-ல், 67 வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையைத் தனியாக ஒரே மூச்சில் நடந்து முடித்தார். அப்படி முடித்த முதல் பெண் அவர்தான். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை. 1959-ல் பக்கை டிரெயில் சங்கம் தொடங்கியபோது அதிலும் முன்னின்றார். இங்கே ஹாக்கிங் ஹில்ஸில் ஆறு மைல் பாதைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆயிரம் டாலருக்குக் கருவி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற இளைஞர்களிடம் இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன்.

ஆனால் அந்த ஹாக்கிங் ஹில்ஸுக்கு யாரையும் போகச் சொல்ல மாட்டேன். குகையும் அருவியும் அழகுதான், மறுக்கவில்லை. கூட்டம் தாங்காமல் பள்ளத்தாக்குப் பாதையை ஒருவழியாக்கிவிட்டார்கள். விடுமுறை நாளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அங்கே போய் விளம்பரம் செய்வது பழனியில் நின்று முருகனை அறிமுகப்படுத்துகிற கதை.

நடக்க நாங்கள் ஆள் சேர்ப்பது ஷானிக்கும் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ்வில்லுக்கும். இரண்டும் நிலக்கரியால் பிறந்து நிலக்கரி போனதும் படுத்த ஊர்கள். ஷானியின் கடைத்தெருவில் மாடித் தாழ்வாரங்கள் நடைமேடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், மழையில் நனையாமல் தெரு நெடுக நடக்கலாம். இன்று ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. நூறு வயது தாண்டிய டெகும்சே தியேட்டரை ஊர்க்காரர்களே பணம் திரட்டிச் சீர் செய்துகொண்டிருக்கிறார்கள். பாதைச் சங்கத்தின் தலைமையிடமும் இந்த ஊரில்தான். பெரிய நகரத்தில் அலுவலகம் போடாமல் இங்கே வந்தார்களே, அதற்கே அவர்களைக் கும்பிடலாம்.

நியூ ஸ்ட்ரெய்ட்ஸ்வில்லின் கதை வேறு. 1884 வேலைநிறுத்தத்தின்போது, எரிகிற கரித்தொட்டிகளைச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டார்கள். வைத்த தீ இன்னும் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டிருக்கிறது. 1930-களில் அரசாங்கம் தடுப்புகள் கட்டிப் பார்த்தது, அணையவில்லை. மதுவிலக்குக் காலத்தில் இந்த ஊர்ச் சாராயத்துக்குத் தனி மவுசு. சுரங்கப் புகைக்குள் சாராய அடுப்புப் புகை கலந்துவிடும், போலீசுக்குத் தெரியாது என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்தச் சாராயத்தின் பெயரில் வருஷா வருஷம் திருவிழாவே நடக்கிறது!

பாதையோரம் சில ஓடைகள் ஆரஞ்சு நிறத்தில் ஓடும். மூடிய சுரங்கங்களிலிருந்து கசிகிற இரும்புதான் காரணம். கல்லெல்லாம் துரு பூசியிருக்கும், மீன் வாழாது. ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் கை ரீஃப்லர் என்ற பொறியியல் பேராசிரியரும் ஜான் சாப்ரா என்ற ஓவியரும் சேர்ந்து, அந்தத் தண்ணீரிலிருந்து இரும்பைப் பிரித்து ஓவியர்களுக்கான வண்ணம் செய்கிறார்கள். நடக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால்தான் ஓடையை நின்று பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் முகம் சுளித்துத் தாண்டிப் போவார்கள்.

இப்போது பாபா பழக் காலம். சீதாப்பழத்துக்குப் பங்காளி, ஓடையோர நிழலில் தானாக வளர்கிறது. பச்சைத்தோல், உள்ளே மஞ்சள் சதை, வாழைப்பழமும் மாம்பழமும் கலந்த ருசி, அவரைக்கொட்டை அளவுக்குக் கறுத்த விதைகள். பறித்த இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். அதனால் கடைகளில் கிடைப்பது அரிது, நடந்து வந்தால் உண்டு. உன் தங்கச்சி பை நிறையப் பொறுக்கியிருக்கிறாள், வண்டிக்குள் வாசனை ஆளைத் தூக்குகிறது.

கொலம்பஸிலிருந்து நம் தமிழ்க் குடும்பங்களையும் அழைத்து வருகிறோம். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். முதலில் எல்லோரும் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்தார்கள். நடந்தார்கள், மரத்தடியில் சாப்பிட்டார்கள், கிளம்பினார்கள். ஊருக்குள் ஒரு காசு விழவில்லை. இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: சாப்பாடு ஊருக்குள்தான். சைவத்துக்குச் சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும் ஆப்பிள் பையும்தான் கிடைக்கும், ஒரு வேளைக்குச் செத்துவிட மாட்டோம். பாதையால் கல்லாவில் பணம் விழுகிறது என்று ஊருக்குத் தெரிந்தால்தான், மரம் விழுந்த சேதி மறுநாளே நமக்கு வரும்.

நிலக்காரர்கள் விஷயமும் இதுதான். பாதை நிறைய இடங்களில் தனியார் தோட்டம் வழியாகப் போகிறது. இடமில்லாத ஊர்களில் ரோட்டோரமாகவே நடக்க வேண்டும். கட்டணம் வாங்காமல் நடக்கவிடும் நிலக்காரருக்கு, யாராவது விழுந்து அடிபட்டால் பொறுப்பில்லை என்று ஒஹாயோ சட்டம் சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. துண்டறிக்கையோடு போவதைவிட, அந்தச் சட்டத்தின் நகலோடு போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது பலிக்கிறது. நிலம் கைமாறினால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.

வண்டிக்கு வருகிறேன். கூரைதான் பெரும்பாடு. மேலே ரப்பர் விரிப்பு, அதில் காற்றுத் துவாரங்களைச் சுற்றியும் ஓரத் தையல்களிலும் தானாகப் பரவி இறுகும் பசை பூசியிருப்பார்கள். வெயிலில் அது வெடிக்கும். வெடிப்பு மயிரிழை அளவு இருந்தாலும் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் உளுத்துவிடும். ஜன்னல் மூலையை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்ததென்றால் கதை முடிந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஏணி போட்டு ஏறி, பழைய பசையைத் துடைத்துப் புதிதாக இடுகிறேன். டயரில் பட்டன் தேயவே இல்லை, ஆனால் வயது ஏறிவிடுகிறது. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 3518 என்றால் 2018-ன் 35-ஆவது வாரம் செய்தது. பார்க்கப் புதுசாக இருக்கிறதே என்று ஓட்டினால் நெடுஞ்சாலையில் வெடிக்கும். பின்பக்க இரட்டை டயரில் உள் டயரை, உன் பட்டறையில் டிரைவர்கள் செய்வதைப் போல, கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்க்கிறேன். முகாமில் பக்கத்து வண்டிக்காரர் முதலில் சிரித்தார். இப்போது தன் வண்டியையும் தட்டச் சொல்கிறார்.

போன மாதம் கார் கிளட்ச் போயிற்று. ஒரு பெரிய கடையில் பாகமே வராது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று கைவிரித்தார்கள். இங்கே கிராமத்து மெக்கானிக் ஒருவர் டிராக்டருக்கு நடுவே அதை ஏற்றி, பாகத்தை எங்கிருந்தோ வரவழைத்து மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டு, பாதை தன் மாமனார் தோட்டத்தைத் தொட்டுப் போகிறதா என்று பார்க்க வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆக, விற்பதாக இல்லை. புது வண்டி விலைக்கு நானும் அவளும் இந்த ஜன்மத்தில் கடன் கட்டி முடிக்க மாட்டோம். இது ஓடுகிறவரை ஓடட்டும்.

உன் பையன் பிட்ஸ்பர்க்கில்தானே இருக்கிறான்? மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். அக்டோபர் நடுவில் இலை நிறம் மாறும்போது குடும்பத்தோடு வரச் சொல். நவம்பர் கடைசிவாக்கில் துப்பாக்கி மான் வேட்டை தொடங்கிவிடும். அப்போது வந்தால் ஆரஞ்சுச் சட்டை போட்டுத்தான் காட்டுக்குள் விடுவேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றும் மறக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி