அறிமுகம் என்னும் அமானிதம்



"யாரிடமும் கையேந்தாதே" என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கொடுக்கும் கை வாங்கும் கையைவிட மேலானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நம் பெற்றோர் வாழ்ந்தும் காட்டினர். அந்த நற்பண்பின் நிழலில் ஒரு தயக்கமும் வளர்ந்துவிட்டது. தொழில் நிமித்தம் அறிமுகமற்ற ஒருவரை அணுகுவதையும் கையேந்துவதாகவே நம் பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர்.

இதைக் கோவில்பட்டியில் எங்கள் குடும்பத்திலேயே கண்டேன். என் தங்கை மகள் சி.ஏ. இடைநிலைத் தேர்வின் இரு பிரிவுகளிலும் தேறினாள். அடுத்து, தொழில்புரியும் ஆடிட்டர் ஒருவரிடம் 2 ஆண்டுகள் ஆர்டிகிள்ஷிப் பயிற்சி பெறவேண்டும். அதை முடிக்காமல் இறுதித் தேர்வு எழுத இயலாது. எங்கள் உறவில் ஆடிட்டர் எவருமில்லை. "தெரியாதவங்களுக்கு எப்படி மாமா எழுதுறது? சிபாரிசு கேக்குற மாதிரி இருக்காதா?" என்று கேட்டபடியே அவள் மூன்று மாதங்களைக் கடத்திவிட்டாள்.

அவளுக்கு நான் இடைசெவலைப் பற்றிச் சொன்னேன். இங்கிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் உள்ள அந்தக் கரிசல் சிற்றூரில் பிறந்த கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். அழகிரிசாமி பத்திரிகைப் பணிக்காகச் சென்னைக்கும் பின்னர் மலேயாவுக்கும் சென்றார். கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தார். ஆயினும் கடிதங்களால் அந்த நட்பு தளராது நின்றது. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவும் வந்தன. இருவரும் ரசிகமணி டி.கே.சி.யை நாடிச் சென்று பழகினர். உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காத கி.ரா., கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி ஆக்கினார். வழக்குச் சொல் ஏட்டில் கிடைப்பதன்று. மனிதரிடம் கேட்டே பெறவேண்டும். புதுவைப் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் அவரைப் பணிக்கு அழைத்துக்கொண்டது.

கேட்பதில் இருவகை உண்டு. உழைக்க வல்லவர் பிறர் பொருளைக் கேட்பது இழிவு. அறிவையும் வழியையும் கேட்பது கடமை. அறியாதவற்றை அறிந்தோரிடம் கேளுங்கள் என்பது இறைமறையின் வழிகாட்டல். அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் கூறுவதைச் சிறந்த செயலாக நபியவர்கள் உரைத்துள்ளார்கள். அறியாதவரை நோக்கி முதல் சொல்லை நாமே எடுத்துவைக்கும் துணிவு அந்த ஸலாமிலேயே பழக்கப்படுகிறது.

இருவரும் அமர்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினோம். தான் யார், எதில் தேறினாள், அவர்களது அலுவலகத்தை ஏன் தேர்ந்தாள், சந்திக்க 15 நிமிடம் கிடைக்குமா என்ற நான்கே செய்திகள். தன் குடும்பத்தின் கஷ்டத்தை அவள் எழுதவில்லை, மிகையாகப் புகழவுமில்லை. கல்லூரி ஆசிரியை ஒருவர் மூன்று அலுவலகங்களைக் கூறி, தம் பெயரைக் குறிப்பிடவும் அனுமதித்தார். ஒருவர் தம் பெயரை நமக்குத் தருவது அமானிதம். நம் சொல்லும் நடத்தையும் பிழைத்தால் அவருடைய மதிப்பும் குறையும் என்பதை அவளிடம் வலியுறுத்தினேன்.

முதல் அலுவலகத்திலிருந்து பதிலில்லை. இரண்டாமவர் இடமில்லை என்றார். அவருக்கும் நன்றி தெரிவித்து எழுதினாள். பெரும்பாலோர் விட்டுவிடும் இடம் இதுதான். நான்கு நாள்களில் அவரே, திருநெல்வேலியில் பெண்கள் பலர் பயிலும் ஓர் அலுவலகத்தின் பெயரை அனுப்பினார். தந்தையுடன் சென்று நேர்காணலில் பேசிவிட்டு வந்தவளின் குரலில் முன்பிருந்த நடுக்கம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அங்கேயே பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். ஆசிரியைக்கும் அந்த இரண்டாமவருக்கும் அச்செய்தியை முதலில் அறிவித்தாள்.

இப்போது அவளைப்போலவே தயங்கும் மாணவியர் இருவருக்குத் தான் எழுதிய மின்னஞ்சலைக் காட்டி உதவுகிறாள். வாங்கிய கை கொடுக்கும் கையாக மாற நெடுங்காலம் தேவைப்படவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பணிவையும் துணிவையும் சேர்த்தே அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.