கீழே இருந்த கருப்புப் பட்டை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2018 தொடக்கத்தில் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தீர்கள். திரை நீளமான புது மாடல். வீட்டுக்கு வந்து என் வங்கியின் செயலியைத் திறந்தால், திரையின் கீழே ஒரு கருப்புப் பட்டை. விழுந்து அடிபட்டுவிட்டதோ என்று பயந்து, போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரத் தம்பி சிரித்தார். "போன் நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆப்தான் இன்னும் வளரலை."

சென்னையில் செயலி எழுதும் வேலையில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் அன்று இரவு போனில் விளக்கினான். நான் அவனுக்கு விகிதம் நடத்தினேன், அவன் எனக்கு விகிதம் நடத்தினான்!

கணக்கு இதுதான். அதுவரை பெரும்பாலான போன்களின் திரை 16:9. அதாவது நீளம் அகலத்தைப் போல 1.78 மடங்கு. 2017-ல் எல்ஜி ஜி6, சாம்சங் எஸ்8 போன்றவை வந்தபோது திரை 18:9 என்றும் அதற்கு மேலும் நீண்டது. இரண்டு மடங்கு. ஆனால் பழைய ஆண்ட்ராய்டு செயலியை எழுதியவர் தனியாக ஒன்றும் குறிப்பிடாவிட்டால், 1.86 மடங்குக்கு மேல் அது விரியாது. என் திரை 1080-க்கு 2160 புள்ளி. 1080-ஐ 1.86-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 2009. மிச்சம் 151 புள்ளி கருப்பு. திரையில் சுமார் பதினான்கில் ஒரு பங்கு.

ஐபோனிலும் இதே கதைதான். 2012-ல் ஐபோன் 5 நீளமானபோது பழைய செயலிகளுக்குக் கருப்பு ஓரம் விழுந்தது. 2013 மே 1 முதல் புதிதாகத் தருகிறவை எல்லாம் அந்தத் திரைக்கும் பொருந்த வேண்டும் என்று ஆப்பிள் கெடு வைத்தது. ஐபோன் எக்ஸ் வந்த பிறகு, 2018 ஏப்ரலில் மறுபடி ஒரு கெடு.

"ஏம்ப்பா, இதுக்கு இத்தனை மாசமா?" என்று கேட்டேன்.

"படம், பட்டன் எல்லாம் பழைய அளவுக்கு வரைஞ்சது சார். ஒண்ணை நகட்டினா இன்னொண்ணு இடிக்கும். ஒவ்வொரு போன்லயும் போட்டுப் பாக்கணும். அதை விடுங்க சார், புதுப் போன் வெச்சிருக்கவங்க ரொம்பக் கொஞ்சம். அவங்களுக்காக இப்பவே எதுக்கு மெனக்கெடணும்னு மேல இருக்கவங்க கேப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அம்மா அப்பா ஜீப் ஏறிவிட்டால், வீட்டில் மூத்த பெண் பிள்ளை சோறு வடித்து, தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும். என் வகுப்பிலும் அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கணக்கு முதல் பீரியட். தாமதமாக வந்தால் வெளியே நிற்க வேண்டும் என்பது என் சட்டம். நாற்பத்தைந்து பேரில் மூன்று பேருக்காக நேரத்தை மாற்ற முடியுமா என்று அப்போது நானும் கேட்டேன். பதினான்கில் ஒரு பங்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த ஆண்டே, போடிமெட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஓர் அம்மா "சார்" என்று எழுந்து இடம் கொடுத்தார். அந்த மூன்று பேரில் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இப்போது அவளே தோட்டத்தில் காய் எடுக்கிறாள். வளைவுகளில் பஸ் ஏற ஏறப் பேசிக்கொண்டே வந்தோம். கோபமில்லாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்:

"நீங்க வெளிய நிக்கச் சொல்லுவீங்கல்ல சார், அங்கன இருந்தே கணக்கப் பாப்பேன். போர்டுல பாதிதான் தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து வேலையைப் பற்றிச் சொன்னாள். ஏலச்செடியில் ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. முற்றியதை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, முப்பது நாற்பது நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வரவேண்டும். "பிஞ்சைப் பறிச்சா நட்டம் சார்" என்றாள்.

அன்று மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "நல்லா இரும்மா" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன்.

போன வாரம் ரயிலில் மதுரை போய்வந்தேன். நம் பாதை மீட்டர் கேஜாக, 1000 மில்லிமீட்டராக இருந்தது. அதை 1676 ஆக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதத்தில் வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15-ல். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். அளவு மாறினால் தண்டவாளத்தோடு பாலம், பிளாட்பாரம் என எல்லாம் மாற வேண்டும். தாமதம் எல்லாமே சோம்பல் அல்ல என்று எனக்கும் புரிகிறது.

ஆனால் ரயில் பன்னிரண்டு வருஷம் கழித்தும் வரலாம். ஒன்பதாம் வகுப்பு அத்தனை நாள் காத்திருக்காது. என் வங்கிச் செயலி நான்கு மாதத்தில் சரியாகிவிட்டது. முப்பது வருஷம் ஒரே நோட்ஸ், ஒரே நேரம், ஒரே சட்டம் என்று ஓட்டிய நான் ஓய்வு பெறும்வரை மாறவில்லை. பிள்ளைகளிடம் இடம் இருந்தது. என் பாடம்தான் அதுவரை போய்ச் சேரவில்லை.

அந்த அம்மா இதைப் படிப்பாரா தெரியாது. அவர் தெருவில் இருப்பவர்கள் யாராவது படித்துக் காட்டுங்கள். மன்னித்துக்கொள்ளம்மா. நீ தாமதமாக வரவில்லை. அதற்கு முன்பே ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தாய்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளை காலை தாமதமாக வரும் பிள்ளையை உள்ளே உட்கார வையுங்கள். காரணத்தைப் பிறகு கேட்கலாம். போர்டு முழுசாகத் தெரியட்டும்.