6/12 என்பது மார்க் அல்ல



பேத்தியின் கண் பரிசோதனைச் சீட்டில் 6/12 என்று இருந்தது. “பன்னிரண்டுக்கு ஆறு மார்க்தானா தாத்தா?” என்று கண் கலங்கினாள். அது மார்க் அல்ல, தூரம். சரியான பார்வை உள்ளவர் 12 மீட்டரில் நின்று படிக்கிற எழுத்தை, இவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். 1862-இல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் வகுத்த முறை இது. 6/6 வரியின் எழுத்து ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரம். 6/60 எழுத்து அதைப்போல் பத்து மடங்கு.

ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: நல்ல கண், மற்றதன் குறையை மறைத்துவிடும். மங்கலாகவே பார்த்து வளரும் பிள்ளைக்கு அது மங்கல் என்றே தெரியாது. கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா? திட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.