அந்த நாலாவது கேசட்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் செவ்வாப்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் மெல்லிசைக் குழு. இருபது வயதுப் பெண் ஒருத்தி 'அன்னக்கிளி' படப் பாட்டு ஒன்றை நன்றாகவே பாடினாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் முறைப் பையன், "மாமா, இது ஏதோ பழைய கிராமத்துப் பாட்டுதானே?" என்று கேட்டான். "இல்லப்பா, சினிமாப் பாட்டு. 1976" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

1976இல் எனக்கு வயது இருபத்தாறு. தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திருவள்ளூர் அப்போது தனி மாவட்டம் இல்லை, நாங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவில் ரயில் நின்று போகும் ஒரு ஊர், அவ்வளவுதான். ஆவடி, அம்பத்தூர் ஃபாக்டரிகளுக்கு வேலைக்குப் போகிற ஆண்கள் காலை ரயிலில் ஏறுவார்கள். பெண்கள் கழனிக்கு இறங்குவார்கள். என் அம்மாவும் அப்படி இறங்கினவர்தான். நான் வாத்தியார் ஆன பிறகும் அவர் நடவுக்குப் போவதை நிறுத்தவில்லை.

அது எமர்ஜென்சி காலம். அந்த வருடம் ஜனவரி 31இல் மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். டீக்கடையில் அரசியல் பேசப் பயம். பேசுவதற்கு மிச்சம் இருந்தது சினிமாவும் பாட்டும்தான். பாட்டு என்றால் இந்திப் பாட்டு. 'ஆராதனா', 'பாபி', 'ஷோலே' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். பட்டணத்துக்கு வேலைக்குப் போய் வருகிற பையன்களுக்கு இந்தியில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் பாட்டு முழுசாகத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் 1976 மே 14ஆம் தேதி 'அன்னக்கிளி' வந்தது. தேவராஜ் - மோகன் இயக்கம், சிவகுமாரும் சுஜாதாவும் நடிப்பு. பாட்டெல்லாம் பஞ்சு அருணாசலம் எழுதியது. இசை என்று ஒரு புதுப் பெயர், இளையராஜா. மதுரைப் பக்கம் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துத் திரிந்த பிள்ளை. பட்டணத்துக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். முதல் பாட்டு ஒலிப்பதிவில் மின்சாரம் நின்றுபோனதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

நாட்டுப்பாட்டு மெட்டு சினிமாவுக்கு அதற்கு முன்பே வந்ததுதான். கே.வி. மகாதேவன் போட்டிருக்கிறார். எம்.எஸ். விஸ்வநாதன் 1972இல் 'பட்டிக்காடா பட்டணமா' படத்தில் போட்டு, அது பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. ஆனால் ஒரு படத்தின் அடையாளமே அந்த மெட்டாக ஆனது 'அன்னக்கிளி'யில்தான். எஸ். ஜானகி அம்மா குரலில் அந்தப் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் வந்தபோது, இந்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்த பையன்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

இன்று எந்தப் பாட்டு எத்தனை கோடிப் பேர் கேட்டார்கள் என்று போனிலேயே தெரிகிறது. அன்றைக்கு எங்கள் ஊரில் கணக்கு வேறு. கல்யாண வீட்டில் ரேடியோ செட் கட்டினால் ஒரே தட்டை எத்தனை தடவை போடச் சொல்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்னால் எத்தனை பெயர், எத்தனை ஊர் வாசிக்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. கரகரப்புக்கு நடுவே அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே பாட்டுக்குக் காத்திருப்போம். அந்த வருட ஆடி மாதம் எங்கள் பக்கத்துக் கூழ் ஊற்றும் விழாக்களில் அம்மன் பாட்டு முடிந்ததும் அடுத்து 'அன்னக்கிளி'தான். அடுத்த வருடம் செப்டம்பரில் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. அதில் 'செந்தூரப்பூவே' பாடியதற்கு ஜானகி அம்மாவுக்கு தேசிய விருது. 1978இல் 'கிழக்கே போகும் ரயில்'. பட்டிக்காட்டு மெட்டு என்று ஒதுக்கியது, மூன்றே வருடத்தில் ஊரையே பிடித்துக்கொண்டது.

இனி என் அம்மா கதைக்கு வருகிறேன்.

அந்த ஆடியில் ஒரு நாள் சாயங்காலம், கோயில் ஸ்பீக்கரில் பாட்டு வந்துகொண்டிருந்தது. அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னாடா இது, நம்ம நடவுப் பாட்டாட்டம் கீது. எவளோ பட்டணத்துல பாடிக்கினு கீறா?"

"உன் பாட்டு இல்லம்மா, சினிமாப் பாட்டு" என்றேன்.

"சொல்லு வேற. மெட்டு நம்மளுது மாதிரிதான் கீது" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தன் சொந்தக்காரப் பெண்ணுக்குப் பரிசு கிடைத்தது போல.

எனக்குச் சந்தோஷம் இல்லை, கூச்சம். அம்மா கழனியில் பாடுவது எனக்குப் பிடிக்காது. 'வாத்தியார் அம்மா நடவுல பாடுது' என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். இலக்கணம் நடத்துகிறவன் வீட்டில் 'கீது', 'இன்னா' என்று பாட்டா? அப்படித்தான் அன்று நினைத்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அம்மா பாடியது சாதாரண விஷயம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நடவுப் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவர் அம்மா. சொல் தினமும் மாறும். கூலி குறைத்த ஆண்டையைக் கிண்டல் செய்து ஒரு நாள், வரப்பில் வந்து நிற்கும் கணக்குப்பிள்ளையின் குடையைப் பற்றி ஒரு நாள். கீரைக்கூடையோடு ஓடி வந்தும் திருவள்ளூர் ரயிலைத் தவறவிட்ட பெண் கார்டைத் திட்டுவதாக ஒரு பாட்டு உண்டு. அது அம்மாவே கட்டியது. நேரே சொன்னால் வேலை போய்விடும் விஷயத்தை எல்லாம் பாட்டில் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

நாலைந்து வருடத்தில் இது நின்றுபோனது. யாரும் தடுக்கவில்லை. வரப்பின்மேல் ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. இளவயதுப் பெண்கள் சினிமாப் பாட்டையே நடவிலும் பாட ஆரம்பித்தார்கள். அது அழகான பாட்டு, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. ஆனால் அதில் சொல்லை மாற்ற முடியாது. அந்த ஆண்டை பெயரை அதில் நுழைக்க முடியாது.

இதற்கு இளையராஜாவைக் குறை சொல்ல மாட்டேன். பாடினவர்கள் வீட்டிலிருந்து வந்த பிள்ளை அவர். கிராமத்து மெட்டை வயலினுக்கும் கிடாருக்கும் சமமாக உட்கார வைத்தவர். என்னைப் போன்றவர்களின் கூச்சம் போனதே அவரால்தான். என் குறை என்மேல்தான்.

கூச்சம் போன பிறகு படிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்', கி.வா. ஜகந்நாதனின் 'மலையருவி' எல்லாம் கிடைத்தன. பெர்சி மாக்வீன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி நம் ஊர்ப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார். நான் என் அம்மா பாட்டை எழுதி வைக்கவில்லை. வெட்கமாகப் போனது.

பர்மா பஜாரில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன். 1982 பொங்கலுக்கு அம்மாவை உட்கார வைத்துப் பாடச் சொன்னேன். "இதுல இன்னா கீதுன்னு இதைப் போய்ப் புடிக்கிற?" என்று வெட்கப்பட்டார். பிறகு நாற்பது நிமிடம் போலப் பாடினார். ரயில் பாட்டும் அதில் இருந்தது. எழுதி வைத்துக்கொள்ளலாம், எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கேசட்டின் மேல் பெயர்கூட எழுதவில்லை. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிவாகாது. அதையும் உடைக்கவில்லை.

1983இல் தங்கை கல்யாணம். பாட்டுப் பட்டியல் எழுதி, நாலு கேசட்டைப் பதிவு செய்யக் கடையில் கொடுத்தேன். மூன்று புதுசு, நாலாவது அலமாரியில் கிடந்தது. கல்யாணத்தன்று நாலும் நன்றாகப் பாடின. 'அன்னக்கிளி', '16 வயதினிலே', எல்லாம் சுத்தமான பதிவு. ஒரு மாதம் கழித்துத்தான் அலமாரியைத் தேடினேன். நாலாவது கேசட் எது என்று அப்போதுதான் புரிந்தது.

கடைக்காரர் மேல் தப்பே இல்லை. நான் கொடுத்ததை அவர் செய்தார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. என் மகள் பிறந்தபோது அம்மா கேட்டார், "என் பாட்டு புடிச்சியே, அதைப் போடேன், கொழந்த கேக்கட்டும்." நான் சொன்ன பதில், "டேப் கெட்டுப்போச்சும்மா." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போனா போவுது. அதான் ரேடியோவுலயே பாடுறாங்களே" என்றார்.

மறுபடி பாடச் சொல்லியிருக்கலாம் என்று கேட்பீர்கள். கேட்டிருந்தால் எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டிவரும். அந்த வெட்கத்திலேயே எட்டு வருடம் ஓட்டினேன். 1991இல் அம்மா போய்விட்டார்.

அமெரிக்காவில் இருக்கும் பேரனிடம் இதை ஒருமுறை சொன்னபோது, அங்கேயும் இப்படித்தான் தாத்தா என்றான். அவர்களின் கிராமத்து இசைக்கு 'கன்ட்ரி' என்று பெயர். 1944இல் ஒரு பத்திரிகை அதற்கென்று தனியாக ஹிட் பட்டியல் போட ஆரம்பித்ததாம். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் எந்தத் தட்டு அதிகம் ஓடியது என்பதுதான் கணக்கு. நம் ரேடியோ செட் கணக்கு மாதிரியே. அதற்கும் முன்னால் 1927இல் கார்ட்டர் குடும்பம் என்று மூன்று பேர் இசைத்தட்டில் பாடிப் புகழ் பெற்றிருக்கிறார்கள். அந்த வீட்டு ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்ப்பாராம். கூடவே போன லெஸ்லி ரிடில் என்கிற கறுப்பினக் கலைஞர் மெட்டைக் காதிலேயே பிடித்துக்கொள்வாராம். தட்டில் பெயர் வந்தது கார்ட்டருக்கு. வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடிக் காட்டியவர்களுக்கு இல்லை.

நம் ஊரில் கொல்லங்குடி கருப்பாயி அம்மா 1985இல் 'ஆண் பாவம்' படத்திலும், பரவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்திலும் தங்கள் குரலிலேயே பாடி, முகத்தோடும் பெயரோடும் தெரிந்தார்கள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மா கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளைச் சேர்த்தார். அவர்களை எல்லாம் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். கூடவே அந்தக் கேசட்டும் ஞாபகம் வந்துவிடும்.

வரவேற்புக்கு மறுநாள் பெரியம்மா மகள் அக்காவைப் பார்க்கப் போனேன். வயது எண்பத்திரண்டு. அம்மாவோடு நடவில் நின்று வாங்கிப் பாடியவர்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். போனை முன்னால் வைத்து, "அந்த ரயில் பாட்டு ஞாபகம் இருக்காக்கா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டு அடி சரியாக வந்தது. மூன்றாவது அடியில் மெட்டு வழுக்கி, அப்படியே சினிமாப் பாட்டுக்குள் போய்விட்டது. அவருக்கே தெரிந்து சிரித்துவிட்டார். "எது நம்மளுது, எது அவங்களுதுன்னு தெரியலடா தம்பி" என்றார்.

டேப்பில் நான் செய்த காரியம் அக்கா மனசிலும் நடந்திருக்கிறது.

ஆனால் கூலிப் பாட்டு ஒன்று முழுசாக வந்தது. ஆண்டை பெயரோடு வந்தது. பதினோரு நிமிடம் இருக்கிறது. அன்று ராத்திரியே கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிவிட்டேன். மகளுக்கும் பேரனுக்கும் அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போகிறேன். ரயில் பாட்டின் மிச்சம் வருகிறதா பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் நடவு, தாலாட்டு, ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டியோ அத்தையோ இருந்தால், இன்றைக்கே போனைக் கையில் எடுங்கள். பதிவு செய்ததும் பெயர், ஊர், தேதி எழுதி, இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவன் சொல்கிறேன்.


— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாப்பேட்டை