ஏசி வாங்கச் சொன்னவன் நான்

அரியலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவரை 38,000 ரூபாய்க்கு ஏசி வாங்க வைத்தேன். மாதத் தவணையில் வாங்கினார். அவர் கம்ப்யூட்டருக்கு அந்த ஏசி தேவையே இல்லை. தப்பு என்னுடையது. அது எனக்குத் தெரிந்த பிறகும் அவரிடம் மறைத்தேன். மறைத்த அன்றைக்கும் கூலி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

பெரம்பலூரில் பதினாறு வருஷமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். சாமான் திருச்சியிலிருந்து வரும், கிடைக்காதது சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரும். அந்தத் தம்பிக்குப் போன தை மாதம் ரைசன் 7 5800எக்ஸ் சிப் போட்டு, 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்து, பம்ப் மூலம் இரண்டு குழாய்களில் தண்ணீரைச் சுற்றவிடுகிற லிக்விட் கூலர் மாட்டிக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அண்ணே, சத்தம் மட்டும் வரக்கூடாது. ராத்திரி பக்கத்து ரூம்ல பாப்பா தூங்கும்.” சரி என்று பயாஸுக்குள் போய் எல்லா ஃபேனையும் ஒரே அமுக்கில் ‘சைலன்ட்’டில் வைத்தேன். பெட்டி சத்தமே இல்லாமல் ஓடியது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாசி கடைசியில் முதல் போன் வந்தது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய ரெண்டர் மூன்று மணி நேரம் இழுக்கிறது, சூடு 90 காட்டுகிறது என்றார். 90 டிகிரிதான் அந்தச் சிப்புக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பஸ் ஏறிப் போனேன். மாடியில் ஷீட் போட்ட அறை. வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் தகடுகளுக்கு நடுவே மாவு பூசினாற்போல வெள்ளைப் புழுதி. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. “உங்க ஊர் புழுதி தம்பி, சிமெண்ட் ஊர்ல லிக்விட் கூலர்னா இப்படித்தான்” என்றேன். பல கோடி வருஷங்களுக்கு முன் கடலடியாகக் கிடந்த சுண்ணாம்பு அது. அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசுகிற பேஸ்ட்டை மாற்றிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு இன்னும் இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் பேஸ்ட் மாற்றினேன். மூன்று ஃபேன் கூடுதலாக விற்றேன். சித்திரை வந்ததும் புழுதியை விட்டுவிட்டு வெயிலைப் பிடித்துக்கொண்டேன். வெளியே 40 டிகிரி, ஷீட் அறைக்குள் 38. தண்ணீர் எப்படிச் சுற்றினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே இறங்காது என்று விளக்கமாகச் சொன்னேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் 38 டிகிரி அறையிலும் ஒழுங்காக ஓடுகிற லிக்விட் கூலர் அந்தச் சிப்பை 90-க்கு விட்டிருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். “ஒரு ஏசி போட்டுருங்க தம்பி, வேற வழி இல்ல” என்றேன்.

நான் எழுதவே தயங்குவது இனி வருவதைத்தான். ஏசி வாங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் போனில் கேட்டார்: “அண்ணே, அந்த ரெண்டு ட்யூப்ல ஒண்ணு கொதிக்குது, இன்னொண்ணு சாதாரணமா இருக்கு. அப்படித்தான் இருக்குமா?” கடையில் கூட்டம். “அப்படித்தான் தம்பி. ஒண்ணுல சூடு போகும், இன்னொண்ணுல ஆறி வரும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கேட்க நியாயமாக இருக்கும், முழுத் தப்பு. பம்ப் சரியாக ஓடினால் தண்ணீர் வேகமாகச் சுற்றும், இரண்டு குழாய்க்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும், கைக்குத் தெரியாது. ஒன்று கொதித்து இன்னொன்று ஆறிக் கிடந்தால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம். ரெண்டர் தொடங்கிய ஒரு நிமிடத்தில் 90-ஐத் தொட்டால் பம்ப்பையோ சிப்பின் மேல் உட்காரும் தகட்டையோ பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் ரேடியேட்டர், ஃபேன், புழுதி. இதை என் கடைப் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய பெட்டியில் ஒரு முறைகூட கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. நான் மாட்டியதில் தப்பு இருக்காது என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். கோளாறைக் கண்டுபிடித்தவர் அவர். நான் அவர் வாயை அடைத்தேன்.

வைகாசியில் போன் வந்தது. “அண்ணே, ஏசி ரூம்லயும் 90 காட்டுது.”

போனேன். அறை 24 டிகிரி. சொல்ல வெயிலும் இல்லை, புழுதியும் இல்லை. அவர் டீ வாங்கக் கீழே இறங்கினார். ரெண்டரை ஓட விட்டுக் குழாய்களைப் பிடித்தேன். ஒன்று விரலைச் சுட்டது, மற்றது ஏசிக் காற்றுப் பட்டுச் சில்லென்று இருந்தது. பயாஸுக்குள் போனேன். ‘சேஸிஸ் ஃபேன் 2’, நிமிடத்துக்கு 780 சுற்று. அந்த வரியை மூன்று முறை பார்த்திருக்கிறேன், பின்பக்க ஃபேன் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன். அது ஃபேன் இல்லை, பம்ப். மதர்போர்டின் மேல் பக்கம் பம்ப்புக்கென்றே தனி முனை இருக்கிறது. வயர் பார்வைக்கு அழகாகப் பின்னால் போக வேண்டும் என்று அதை விட்டுவிட்டுக் கீழே இருக்கிற சாதாரண ஃபேன் முனையில் சொருகியிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் ‘சைலன்ட்’ ஆக்கியதில் பம்ப்பும் சேர்ந்து மெதுவாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, அந்த முனை சிப்பின் சூட்டைப் பார்ப்பதில்லை, போர்டின் சூட்டைத்தான் பார்க்கும். ஏசியில் போர்டு குளிரக் குளிர, பம்ப் இன்னும் மெதுவாகியிருக்கிறது. கடன் வாங்கிப் போட்ட ஏசி சிப்புக்குப் போக வேண்டிய தண்ணீரையே குறைத்திருக்கிறது.

வயரைப் பிடுங்கி மேல் முனையில் சொருகினேன். இரண்டு நிமிட வேலை. பம்ப் 2,700 சுற்றுக்குப் போனது. சூடு 68-இல் நின்றது.

டீயோடு வந்தவர் திரையைப் பார்த்து, “என்னண்ணே பண்ணீங்க?” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. “பயாஸ்ல ஒரு அப்டேட் இருந்துச்சு தம்பி. ஏசியும் போட்டீங்கல்ல, அதான்” என்றேன். 800 ரூபாய் கொடுத்தார், வாங்கிப் பையில் வைத்தேன். அவர் கொடுத்த டீயையும் குடித்தேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, எடிட் வேலையும் குறைவு, பழைய பெட்டிகள் சர்வீஸுக்கு வரும். ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதே புகார். திறந்தால் அதே முனையில் அதே வயர், என் கைப்பழக்கம். பில் புக்கை எடுத்துப் பார்த்தேன். லிக்விட் கூலர் போட்டு நான் கொடுத்தவை மொத்தம் ஒன்பது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரியலூர் போனேன்.

உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முனை, பம்ப், அவர் சொன்ன குழாய், அப்டேட் என்று நான் சொன்ன பொய். வந்துபோன கூலி, பேஸ்ட், ஃபேன், கடைசியாக வாங்கிய 800 எல்லாம் சேர்த்து 5,300 ரூபாயை மேஜை மேல் வைத்தேன். ஏசித் தவணையில் பாதியை மாதாமாதம் நான் கட்டுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அன்னிக்கு டீ குடிக்கும்போதே சொல்லியிருக்கலாமேண்ணே.” அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து ஏசி போட்ட பிறகு வந்த கரண்ட் பில்லைக் காட்டிவிட்டுப் போனார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஒன்பதில் ஆறு பெட்டிகளைப் பார்த்துச் சரி செய்துவிட்டேன். மூன்று பேரின் நம்பர் மாறிவிட்டது, எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பெரம்பலூரிலோ அரியலூரிலோ லிக்விட் கூலர் வைத்த பெட்டி வாங்கியவர் யாராக இருந்தாலும் ஒரு ரெண்டரோ கேமோ ஓட விட்டு, சிப்பிலிருந்து போகிற இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால், புழுதி என்றோ வெயில் என்றோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பம்ப் வயர் எந்த முனையில் இருக்கிறது என்று கேளுங்கள். பெட்டி என் கடையில் வாங்கியதாக இருந்தால் கொண்டுவாருங்கள், காசு வாங்க மாட்டேன்.