எல்லைக்கு வெளியே ஓர் அடுப்பு

மணி பன்னிரண்டரை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. டிரைவர்கள் இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாலையோரத்துத் தகரக் கொட்டகையைப் பார்த்து வருகிறார்கள். தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கிழக்கே கடல், கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றில் உப்பு மட்டும் தெரிகிறது.

கொட்டகையில் மூன்று மேசை, ஆறு பெஞ்ச். ஆள் வந்து உட்காருவதற்கு முன் கடைக்கார அக்கா ஈரத்துணியால் மேசையைத் துடைக்கிறார். சோறு எடுத்து வருவதற்குள் துடைத்த இடம் மறுபடி மங்கிப்போகிறது. லாரி கிளப்பும் புழுதியும் சாம்பலும் சேர்ந்த மெல்லிய பூச்சு. மறுபடி துடைக்கிறார். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகுதான் அந்தக் கை ஓய்கிறது. நான் மூலை பெஞ்சில் இருக்கிறேன். அடுப்பும் தெரியும், சாலையும் தெரியும்.

இன்றைக்கு மடவை மீன் குழம்பு. கழிமுகத்து மீன். காலையில் குப்பத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்து போட்டது. போட்டவர் இன்னும் போகவில்லை. விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

எதிர் மேசையில் ஒரு கிரேன் ஆபரேட்டர். ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் போனைச் சாய்த்து, படித்துக்கொண்டே சாப்பிடுகிறார். நிமிராமலே சொன்னார்:

"அக்கா, கொரோனா நேரத்துல ரோட்டுக்கடைக்குப் பத்தாயிரம் கடன் குடுத்தாங்களே, அதைப் பதினஞ்சாயிரம் ஆக்கிட்டாங்க. 2030 மார்ச் வரைக்கும் உண்டாம்."

அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றார்.

"யாருக்கு?"

ஆபரேட்டர் மறுபடி போனைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அங்கே உடனே கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

2020 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு அறிவித்த திட்டம் அது. பி.எம். ஸ்வநிதி. அப்போதைய விதிப்படி பிணை கேட்காமல் 10,000 ரூபாய்; ஒரு வருடத்தில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், அடுத்து 20,000, அதற்கடுத்து 50,000. ஊரடங்கில் முதலைச் சாப்பிட்டுத் தீர்த்த தள்ளுவண்டிக்காரர்களுக்கு அது பெரிய கைப்பிடிதான். ஆனால் நகரத்துக் கடைகளுக்கான திட்டம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் 2020 மார்ச் 24க்கு முன்பிருந்து வியாபாரம் செய்திருக்க வேண்டும். கையில் அடையாள அட்டை இல்லாதவருக்கு அந்த உள்ளாட்சி ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுக்கும். மீஞ்சூர் பேரூராட்சி. காட்டுப்பள்ளி ஊராட்சி.

"என் தம்பி மீஞ்சூர்ல டிபன் வண்டி போட்டிருக்கான்," என்றார் அக்கா. "அவனுக்கு வந்துச்சு. பன்னண்டு மாசம் கட்டினான், மேல இருபதாயிரம் வந்துச்சு. இப்ப கண்ணாடிப் பெட்டியெல்லாம் வெச்சிருக்கான். நான் போய்க் கேட்டேன். உங்க கடை எந்த ஊரும்மான்னாங்க. சொன்னேன். அது டவுன்ல வராதேம்மான்னு சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல. பேப்பர்ல அப்படித்தான் இருக்குது."

சுற்றுக் கிராமத்துக்காரர்கள் நகரத்துக்குள் வந்து விற்றால் அவர்களையும் சேர்க்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. அக்காவுக்கு அது எதற்கு உதவும்? அவருடைய சோறு இந்த லாரி வரிசைக்கான சோறு. அடுப்பைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூர் கடைத்தெருவுக்குப் போனால் இங்கே பசித்திருப்பவர் எங்கே போவார்?

கையில் ரசத்தைத் தேக்கி உறிஞ்சிக்கொண்டிருந்த முதிய டிரைவர் இப்போது பேசினார். தூத்துக்குடிப் பேச்சு.

"கடன் குடுக்கத நிவாரணம்னு சொல்லுதாவளே, அது எப்படிம்மா? வெள்ளத்துல மாட்டுனவனுக்குக் கயித்தப் போட்டுட்டு, கயித்துக்கு வாடகை கேட்ட மாதிரில்லா இருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே," என்றான் பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் பையன். "தண்டல்காரன்கிட்ட பத்தாயிரம் வாங்கினா கையில ஒம்போதாயிரம்கூட வராது. தெனம் வந்து நிப்பான். இது எவ்வளவோ தேவலை."

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அக்காவும் மறுக்கவில்லை. தண்டல் அட்டை ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருப்பதை நான் வந்தபோதே பார்த்தேன்.

பையன் விடவில்லை. "லண்டன்ல எங்க மாமா பையன் இருக்கான். அங்க 2020 ஆகஸ்ட்ல, திங்கள் செவ்வாய் புதன், ஓட்டல்ல உக்காந்து சாப்பிட்டா பாதி பில்லை கவர்மெண்டே கட்டிச்சாம். ஆளுக்குப் பத்து பவுண்டு வரைக்கும்."

கொட்டகை முழுக்க ஒரு கணம் அந்தச் செய்தியை மென்றது.

"அது வழி," என்றார் தூத்துக்குடிக்காரர். "சாப்பிட்டவனுக்குக் குடுத்தா கடைக்காரிக்கும் போவும்லா."

அமெரிக்காவில் 2021 மார்ச்சில் உணவகங்களுக்கென்றே 2,860 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கூலிக்கும் வாடகைக்கும் சரக்குக்கும் செலவழித்ததாகக் கணக்குக் காட்டினால் திருப்பித் தர வேண்டியதில்லை. அங்கேயும் விண்ணப்பித்த 2.78 லட்சம் கடைகளில் ஏறக்குறைய 1 லட்சத்துக்குத்தான் எட்டியது. நம் நாட்டில் ஓட்டல்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 மே மாதம் வந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் ஏற்கெனவே இருந்த கடனில் 20 சதவீதம் அளவுக்கு இன்னொரு கடன். 2021இல் ஓட்டல் தொழிலுக்கு அதை 40 சதவீதமாக்கினார்கள். வங்கியில் கடனே வாங்காத அடுப்புக்கு 40 சதவீதம் என்றால் எதில் 40? சென்னையின் நடுத்தர ஓட்டல்காரருக்குப் பயன்பட்ட ஏற்பாடு இது. இந்தத் தகரக் கூரையின் கீழ் அது நுழைய வாசல் இல்லை.

விறகுக் கட்டின் மேலிருந்த பெரியவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரேஷன்ல குடுத்ததுதான் கைல துட்டா வந்துச்சு. ரெண்டாயிரம் ரெண்டாயிரமா நாலாயிரம். ஒருத்தனும் நீ டவுனா ஊரான்னு கேக்கல."

2021 மே, ஜூன். அரிசி அட்டை வைத்திருந்த 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்கு மாநில அரசு கொடுத்தது. அக்கா தலையசைத்தார். "அதுலதான் கடை திறந்தேன் நைனா. வூட்டுக்குன்னு குடுத்தாங்க. ஒரு மூட்டை அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போட்டேன்."

கடைசி மேசையில் ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒடிசாக்காரர் போல. நீலச் சீருடை, கழுத்தில் துண்டு. இவ்வளவு பேச்சிலும் அவர் தலை நிமிர்ந்தது ஒரே ஒரு முறை, ஆபரேட்டர் 'கொரோனா' என்று சொன்னபோது. பிறகு மறுபடி சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

ஊரடங்கிலும் இந்தச் சாலை ஓய்ந்துவிடவில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையமும் அத்தியாவசியப் பணிகள். சரக்கு வந்தது, டிரெய்லர் வந்தது. டீக்கடைக்குப் பார்சல் அனுமதியே 2020 மே 11ஆம் தேதிதான். அதுவரை டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சமைத்தார்கள். ஒப்பந்தக்காரர் கைவிட்ட வெளிமாநில ஆட்கள் தகரக் குடிசைகளில் கிடந்தார்கள். பொறுக்க முடியாதவர்கள் கும்மிடிப்பூண்டி வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையைப் பார்த்து நடந்தார்கள்.

அக்கா அப்போது என்ன செய்தார் என்பதை அவர் சொல்லவில்லை. நோட்டு சொன்னது.

மாசக் கணக்குக்காரர் ஒருவர் மீதியைக் கேட்டதால் அதை எடுத்து வந்து, என் மேசையின் ஓரத்தில் வைத்துப் புரட்டினார். நீள நோட்டு. மஞ்சள் விரல் தடங்கள். நடுவில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, பழைய பக்கங்களைத் தனியாகக் கட்டியிருந்தார். ரப்பர் நழுவியது. ஏப்ரல் 2020. அந்தப் பக்கங்களில் பெயர்கள் குறைவு. பெயர் தெரியாத ஆட்களுக்கு அடையாளம் எழுதியிருக்கிறார்: 'உயரம்', 'வெல்டிங் தம்பி', 'பல்லு', 'சிரிக்காதவன்', 'அண்ணன் தம்பி ரெண்டு பேரு'. எதிரே வேளைக்கு ஒரு கோடு. அஞ்சு கோடு ஆனால் குறுக்கே ஒன்று. ஒரு கோடு ஒரு பொட்டலம். 'உயரம்' பேரில் நாற்பத்தொரு கோடுகள். சிலவற்றின் மேல் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'போன்ல வந்துச்சு' என்று இருந்தது. 'வெல்டிங் தம்பி' அடிக்கப்பட்டிருந்தார். 'சிரிக்காதவன்' அடிக்கப்படவில்லை. 'அண்ணன் தம்பி'க்கு எதிரே பாதித் தொகை வந்ததாகக் குறித்திருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை.

கடை மூடியிருந்த நாட்களில் வீட்டில் ஆக்கி, கட்டி அனுப்பிய பொட்டலங்கள் அவை. இந்த அளவுக்குப் புரிந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் நோட்டை மூடிவிடுவார் என்று தோன்றியது. வெளிமாநில ஆளுக்கு இங்கே அரிசி அட்டை இல்லை, ஆகவே ரேஷன் பணம் இல்லை. அக்காவின் கடை டவுனில் இல்லை, ஆகவே கடன் இல்லை. ஆனால் அந்த ஏப்ரலில் ஒருவருக்கு நாற்பத்தொரு வேளைச் சோறு இந்த அடுப்பிலிருந்து போயிருக்கிறது. இதை நிவாரணம் என்று எழுத எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை என்பதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

"பழைய பேப்பர்," என்று சொல்லி ரப்பரை இழுத்து மாட்டினார் அக்கா.

ஆபரேட்டர் இதற்குள் செய்தியை முழுக்கப் படித்துவிட்டிருந்தார். "அக்கா, டவுனை ஒட்டின ஏரியாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமா விரிக்கப் போறதாப் போட்டிருக்கு. ஒரு தடவ கேட்டுப் பாரு."

"கேக்கறேன் கண்ணு. இன்னொரு மீன் துண்டு வெக்கட்டா?"

கல்லாப் பக்கத்து ஸ்பீக்கர் பெட்டி யாரோ அனுப்பிய எழுபது ரூபாயை உரக்கச் சொன்னது. ஒடிசாக்காரர் இலையை மடித்து எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டுவிட்டு, கை கழுவி, "அக்கா, வரேன்" என்றார். தெளிவான தமிழ்.

திடீரென்று சாலையில் ஹாரன் சத்தம். வரிசை நகர்கிறது. பெஞ்சுகள் சரசரவென்று காலியாயின. தூத்துக்குடிக்காரர் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். சட்டைப் பையைத் தடவினார், லுங்கி மடிப்பைத் தடவினார். பர்ஸ் வண்டியில். பின்னால் நிற்கிற டிரெய்லர்காரன் விடாமல் ஹாரன் அடிக்கிறான்.

"அம்மா..."

"போங்கண்ணே, போங்க. வண்டிய எடுங்க. திரும்பி வரும்போது குடுங்க."

அவர் ஓடினார். அக்கா நோட்டைத் திறந்து, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். பெயர் கேட்க நேரமில்லை. கொஞ்சம் யோசித்து, 'கயிறு அண்ணன்' என்று எழுதி, எதிரே ஒரு கோடு போட்டார். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனார்.